முகத்துக்கு மூன்று பிரஷ்

‘பணியிடம்: விற்பனை ஆலோசகர், அழகுப் பொருள் பிரிவு. வேண்டிய தகுதிகள்: இனிய, தடையற்ற பேச்சு, அழகுக்கலைப் பெயர்களில் நல்ல பரிச்சயம், மென்மையான கரங்கள், தன் தோற்றத்தாலேயே பொருளுக்கு விளம்பரமாக விளங்கும் முகம். பரிந்துரைக்கப்படுபவர்: எல். ஹெக்மன். முன் அனுபவம்: பிரஷ் வகைகளில் முப்பத்தொரு ஆண்டுகள். பொருத்தம்: மிக நன்று.’

வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வந்த இந்தத் தாளை நோர்ட்ஹோஃப் அம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு முறையும், கழற்றிவிட்டு ஒரு முறையும் படித்தார். பிறகு கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்ற எல். ஹெக்மனை நிமிர்ந்து பார்த்தார். நன்றாகவே நிமிர வேண்டியிருந்தது. ஆள் ஆறே கால் அடி. வயது ஐம்பத்திரண்டு. ஏணியிலிருந்து ஒரு தடவை விழுந்து, மூக்கு இடது பக்கமாகத் திரும்பி அங்கேயே தங்கிவிட்டது. கைகள் இரண்டும் மண்வெட்டி அகலம். நகக்கண்களில் வெள்ளை எனாமல். தன் தோற்றத்தால் அவர் எதற்காவது விளம்பரம் என்றால், அது விபத்துக் காப்பீட்டுக்குத்தான்.

“மொய்,” என்றார் லம்மர்ட் ஹெக்மன்.

நாட்டின் வடகோடியான இந்தக் குரோனிங்கன் பக்கத்தில் வந்தாலும் மொய், போனாலும் மொய். எழுதி வாங்குகிற மொய் அல்ல, செலவில்லாத வணக்கம்.

“மொய். நீங்கதானா இது?”

“தாள்ல அப்படித்தான் போட்டிருக்கு.”

“உங்கள எங்கயோ பார்த்திருக்கேனே.”

“இந்தக் கடைக்கு வெளிப்பக்கம் பச்சை அடிச்சது நான்தான். எண்பத்தாறுல.”

“அன்னையிலேருந்து முன்கதவு ஒட்டிக்கிது.”

“மழை நாள்ல அடிக்கச் சொன்னது நீங்க.”

இப்படியாக, 1993 மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், ஃபீவல்சைல் என்ற சிற்றூரின் ஒரே மருந்துச் சரக்குக் கடையில் லம்மர்ட் அழகுக்கலைக்குள் நுழைந்தார்.

குற்றம் சொல்வதானால் மொழியைத்தான் சொல்ல வேண்டும். இந்த நாட்டுப் பேச்சில் குவாஸ்ட் என்ற ஒற்றைச் சொல் நாலு பேர் வேலையைப் பார்க்கிறது. வீட்டுக்கு வர்ணம் அடிக்கிற பிரஷும் குவாஸ்ட். பெண்கள் கன்னத்தில் பவுடர் பூசுகிற பிரஷும் குவாஸ்ட். ஜலதோஷத்துக்குச் சுடச்சுடக் குடிக்கிற எலுமிச்சைச் சாறும் குவாஸ்ட். கொஞ்சம் கோணலான ஆளைப் பார்த்தால் அவனையும் விசித்திரக் குவாஸ்ட் என்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு இளைஞன் லம்மர்ட்டிடம், என்ன தொழில் என்று கேட்டான். லம்மர்ட்டுக்குப் ‘பெயின்டர்’ என்ற சொல் அந்த நிமிடம் வாயில் வரவில்லை. அதுதான் அவருடைய வியாதியே. முப்பத்தொரு வருடம் மூடிய அறைகளில் வார்னிஷையும் டர்பன்டைனையும் மூச்சோடு இழுத்ததில் தலைசுற்றலும் வந்தது, பெயர்ச்சொற்களும் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டன. இனிமேல் பெயின்ட் டப்பாவைத் திறக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். சொல் வராததால் லம்மர்ட் கையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டி, “குவாஸ்ட்” என்றார். அதே வாரம் நோர்ட்ஹோஃப் அம்மாள், குவாஸ்ட் தெரிந்த ஆள் தேவை என்று எழுதியிருந்தார். இளைஞன் இரண்டு தாளையும் ஒன்றாகச் சேர்த்துக் குத்தினான். அன்றைய அவனுடைய வேலைகளில் இதுதான் மிகத் திருத்தமாக முடிந்தது.

இரண்டு மாதம் சோதனைக் காலம். முடிவில் நோர்ட்ஹோஃப் அம்மாள் ஒரு படிவம் நிரப்பி அனுப்ப வேண்டும். வேண்டாம் என்று எழுதினால் லம்மர்ட்டின் கோப்பில் ‘பணியில் அமர்த்த இயலாதவர்’ என்ற முத்திரை விழும். பட்டினி கிடக்க வேண்டியதில்லை, இந்த நாடு அப்படி விட்டுவிடாது. ஆனால் லம்மர்ட்டோடு இருபது வருடம் ஒரே சாரத்தில் நின்று வெள்ளை அடித்த எப்போ என்பவருக்கு அந்த முத்திரை போன வருடம் விழுந்தது. அன்றிலிருந்து எப்போ முன்ஜன்னலில் ஜெரேனியம் செடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். போகிற காரையெல்லாம் பார்க்கிறார். சாயங்காலம் மனைவியிடம், இன்று சிவப்பு அதிகம் என்கிறார். லம்மர்ட் அந்த வழியாக சைக்கிளில் போவதையே விட்டுவிட்டார்.

நோர்ட்ஹோஃப் அம்மாளுக்கும் வேறு வழியில்லை. அழகுப் பொருள் பகுதியில் நின்ற பெண் கல்யாணமாகி அசென் நகரத்துக்குப் போய்விட்டாள், அடுத்து வந்தவள் கல்யாணமாகாமலே போய்விட்டாள். பாரிஸ் மாதிரிப் பெயர் வைத்துக்கொண்ட ஒரு கம்பெனி புது பிரஷ் ஸ்டாண்டு ஒன்றை இறக்கிவிட்டுப் போயிருந்தது. ஆளே இல்லாத கவுண்டரைவிடப் பொருந்தாத ஆள் நிற்கிற கவுண்டர் மேல் என்று அம்மாள் முடிவுசெய்தார். அறுபத்து மூன்று வயதில் அவர் பெரும்பாலான முடிவுகளை இப்படித்தான் எடுத்தார்.

அந்தக் கடை இப்போது இல்லை. அந்த இடத்தில் கைபேசிக்கு உறை விற்கிறார்கள். அப்போது கதவைத் தள்ளினால் (ஒட்டிக்கொள்ளும், தோளால் தள்ள வேண்டும்) மேலே பித்தளை மணி ஒன்று கிணுங்கும். உள்ளே அதிமதுர மிட்டாய், கற்பூரம், லாவெண்டர், தரை மெழுகு, குழந்தைப் பவுடர் எல்லாம் சேர்ந்து ஒரே வாசனையாக நிற்கும். எது எது என்று பிரித்தால் ஒன்றும் விசேஷம் இல்லை. கண்ணாடி ஜாடிகளில் கறுப்பு மிட்டாய், இனிப்பு ஒரு பக்கம், இரட்டிப்பு உப்புப் போட்டது ஒரு பக்கம். பத்து மணிக்குக் கடைக்குப் பின்னறையில் காபி, ஆளுக்கு ஒரு மசாலாக் கேக் துண்டு. இரண்டாவது துண்டுக்குக் கை நீட்டியவர் யாரும் உயிரோடு இல்லை. கடையில் வாடிக்கையாளர் முன்னால் அம்மாள் எல்லாரையும் ‘நீங்க’ என்பார். பின்னறைக்கு வந்ததும் ‘நீ’. கதவுதான் எல்லை.

முதல் வாரம் சுமாராகவே போனது.

மூன்றாம் நாள் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துணி கட்டிய கிழவர் ஒருவர் வந்து, கரகரத்த குரலில், “குவாஸ்ட் இருக்கா?” என்றார்.

லம்மர்ட்டுக்குச் சந்தோஷம். ஸ்டாண்டிலிருந்து தடிமனான ஒன்றை எடுத்துக் கிழவரின் கன்னத்தில் இரண்டு இழுப்பு இழுத்தார்.

“எப்படி இருக்கு?”

கிழவர் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். “நல்லாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இருமல்.”

பின்னறையில் அம்மாள் காபியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்து லம்மர்ட் கதவைச் சாத்திவிட்டார்.

அடுத்தது இதைவிடப் பெரிது. வீட்டுப் பெயின்டர் புது பிரஷ் வாங்கினால் முதல் நாள் இரவு தண்ணீரில் ஊற வைப்பான். மரம் உப்பி முடியை இறுக்கிப் பிடிக்கும், வேலையில் உதிராது. முப்பத்தொரு வருடப் பழக்கம் ஒரு வாரத்தில் போகுமா? வெள்ளிக்கிழமை கடை மூடும்போது லம்மர்ட், நல்ல எண்ணத்தோடு, ஸ்டாண்டில் இருந்த பன்னிரண்டு மாதிரி பிரஷ்களையும் ஒரு காபி ஜாடியில் கழுத்தளவு தண்ணீரில் நிறுத்திவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை வந்து பார்த்தால் பசை விட்டு, தகரக் கழுத்துகள் எல்லாம் கழன்று, ஆட்டு முடி மிதந்துகொண்டிருந்தது.

அம்மாள் ஜாடியைப் பின்னறைக்குக் கொண்டுபோய், வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்த்தார். “இது என்ன, சூப்பா?”

“ஊற வெச்சேன்.”

“எதுக்கு?”

“முடி கொட்டாம இருக்க.”

அம்மாள் ஒரு முடியை விரலால் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப ஜாடியிலேயே போட்டார். “லம்மர்ட், நீ நல்லவன். அதுதான் எனக்குக் கவலையா இருக்கு.”

அன்று மத்தியானம் லம்மர்ட் காபி ஜாடியை வீட்டுக்கு எடுத்துப் போனார். சமையலறை மேசையில் செய்தித்தாளை விரித்து, கழன்ற பன்னிரண்டையும் வரிசையாக வைத்தார். பெயின்டருக்குப் பிரஷ் கெட்டுப்போவது அவமானம். கெட்டது எப்படி என்று தெரியாமல் இருப்பது அதைவிட அவமானம். முடியைத் தொட்டுப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், நுனியைக் கத்திரியால் வெட்டியிருக்கிறார்களா, இயற்கை நுனியா என்று வெளிச்சத்தில் பார்த்தார். எல்லாம் அவருக்குத் தெரிந்த சங்கதிதான். அளவு மட்டும்தான் சிறியது. மனைவி யான்டீனாவைக் கூப்பிட்டு உட்கார வைத்து, ஈரம் காய்ந்த ஆட்டு முடிக் கொத்தால் அவள் கன்னத்தில் தடவினார்.

“இது எப்படி?”

“பூனை உரசுற மாதிரி.”

“இது?”

“உன் தாடி.”

“அப்போ இது வேண்டாம்.”

“முப்பது வருஷமா அத யாரு கேட்டா,” என்றாள் யான்டீனா. ஆனால் எழுந்து போகவில்லை. அடுப்பில் உருளைக்கிழங்கு வெந்துகொண்டிருந்தது. கல்யாணமான புதிதில் வாடகை வீட்டுக்கு இருவரும் சேர்ந்து வெள்ளை அடித்த மூன்று நாட்களுக்குப் பிறகு, இவ்வளவு நேரம் அவர்கள் ஒரே வேலையில் சேர்ந்திருந்தது இதுதான் முதல் தடவை. கிழங்கு கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. பிடித்ததையே சாப்பிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை வழக்கம்போல ஊரே கடையடைத்திருந்தது. மத்தியானம் திறந்தபோது வந்தவர் வேறொரு லம்மர்ட்.

முதல் தடவை பிரஷ் வாங்க வருகிற பெண்கள் ஸ்டாண்டு முன்னால் நின்று, பரீட்சைக் கேள்வித்தாளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள். கம்பெனி பன்னிரண்டுக்கும் பிரெஞ்சுப் பெயரும் எண்ணும் கொடுத்திருந்தது. கறுப்புப் பெட்டியில் பன்னிரண்டும் சேர்ந்துதான் விலைக்கு வரும். ஸ்டாண்டின் கீழ்த் தட்டில் மட்டும் தனிப் பிரஷ்கள் கொஞ்சம் கிடக்கும், அவற்றைக் காட்ட வேண்டாம் என்பது கம்பெனியின் விருப்பம். லம்மர்ட் கீழ்த் தட்டைத்தான் காட்டினார்.

பால் பண்ணையில் வேலை செய்கிற ஒருத்தி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். “நான் இதுவரைக்கும் விரலாலதான் பூசிக்கிட்டிருந்தேன்,” என்றாள், திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.

“விரல் நல்லா வேலை செய்யுதா?”

“செய்யுது.”

“அப்போ அடிப்பூச்சுக்கு விரலே போதும். வெதுவெதுப்பா இருக்கும், எங்கயும் தொலையாது. மேல்பூச்சுக்கு மட்டும் பிரஷ் வாங்குங்க. பெருசு ஒண்ணு, பவுடருக்கு. அது சுவரு. நடுத்தரம் ஒண்ணு, கன்னத்துச் சிவப்புக்கு. அது கதவு. சின்னது ஒண்ணு, கண் இமைக்கு. அது ஜன்னல். வீடு அவ்வளவுதான்.”

“எது நல்லதுன்னு எப்படித் தெரியும்?”

“உள்ளங்கையில அழுத்திப் பாருங்க. மடங்கினது எழுந்திருக்கணும். படுத்தே கிடந்தா அது பிரஷ் இல்ல, நான்.” அவள் சிரித்தாள். “இப்போ முடியை லேசா இழுங்க. ஒண்ணு ரெண்டு வரலாம், தலையிலயும் வருது. கொத்தா வந்தா வெச்சிடுங்க. கடைசியா கன்னத்துல தடவுங்க. கையில தடவிப் பார்க்காதீங்க, உங்க கை பால் கறந்த கை, எதையும் மெத்துன்னுதான் சொல்லும். பவுடருக்கு முடி, கிரீமுக்கு நைலான். மத்ததெல்லாம் பேரு.”

வருகிறவர்களின் கன்னத்தில் தடவும் முன்பு லம்மர்ட் தன் கன்னத்தில் தடவிப் பார்ப்பார். ஆறே கால் அடி மனிதர், கோணல் மூக்கோடு, கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் பவுடர் பிரஷை ஓட்டுகிற காட்சிக்கு ஊரில் ஆரம்பத்தில் நல்ல சிரிப்பு இருந்தது. அவரைக் குவாஸ்ட் என்றார்கள், நாலாவது அர்த்தத்தில். பிறகு சிரித்தவர்களின் மனைவிமார் ஒவ்வொருவராக வந்தார்கள். நேர்மையானவர் என்ற பெயரும் வந்தது. உண்மையில், பொய் சொல்லத் தேவையான பெயர்கள் எதுவும் அவருக்கு நினைவில் நிற்கவில்லை, அவ்வளவுதான். கெட்ட நினைவாற்றலுக்கும் நல்ல குணத்துக்கும் வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது.

நோர்ட்ஹோஃப் அம்மாள் கறுப்புப் பெட்டியை விற்பார், லம்மர்ட் கீழ்த் தட்டில் மூன்று விற்பார். ஒரே கவுண்டரில் இரண்டு மதம். அம்மாளுக்கு எரிச்சல் வந்தாலும் ஒன்று கவனித்தார்: பெட்டி சில நாளில் சங்கடச் சிரிப்போடு திரும்பி வந்தது. மூன்று வரவில்லை.

எட்டாவது வாரம் கம்பெனியிலிருந்து கடிதம். அடுத்த வெள்ளிக்கிழமை காலை மேற்கே பெருநகரப் பக்கத்திலிருந்து அவர்களுடைய பிரதிநிதி வெர்மாஸ் வருவார். விற்பனையாளர் பன்னிரண்டு பிரஷையும் பெயர் சொல்லி விளக்குவதைப் பார்ப்பார். திருப்தி என்றால் ஸ்டாண்டு இருக்கும், இல்லை என்றால் போகும். லம்மர்ட்டின் சோதனைக் காலமும் அதே வெள்ளிக்கிழமை முடிகிறது. ஸ்டாண்டு போய்விட்டால் ஸ்டாண்டுக்கு ஆள் எதற்கு? இதை அம்மாள் சொல்லவில்லை. சொல்லாமலிருப்பதற்காக அந்த வாரம் நிறையப் பேசினார்.

“சொல்லு. நம்பர் நாலு.”

“ஜன்னல்.”

“பிரெஞ்சுல.”

லம்மர்ட் உத்தரத்தைப் பார்த்தார். “எஸ்…”

“எஸ். சரி. அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணுமில்ல. எஸ்ஸோட போயிடுச்சு.”

“நம்பர் அஞ்சு?”

“ஜன்னலுக்குப் பக்கத்து ஜன்னல்.”

“கடவுளே,” என்று அம்மாள் மசாலாக் கேக்கில் இன்னொரு துண்டு வெட்டி அவர் பக்கம் தள்ளினார். அவருடைய கடை வரலாற்றில் அது முதல் இரண்டாவது துண்டு. லம்மர்ட்டுக்கு நிலைமையின் தீவிரம் அப்போதுதான் உறைத்தது. வீட்டில் யான்டீனா பன்னிரண்டு பெயரையும் காகிதத்தில் எழுதி, சைக்கிள் கைப்பிடியில் ஒட்டிவிட்டாள். போக வர ஆறு நாள் படித்தார். மழையில் மை கரைந்தது. மனதில் இருந்ததும் அதே வேகத்தில் கரைந்தது.

வெள்ளிக்கிழமை வெர்மாஸ் வந்தார். பழுப்பு சூட், மெல்லிய மீசை, காலணியில் ஒரு சொட்டுச் சேறு இல்லை. எங்கள் பக்கத்தில் அது சந்தேகத்துக்குரிய விஷயம்.

“குட் மார்னிங்,” என்றார்.

“மொய்,” என்றார் லம்மர்ட்.

வெர்மாஸ் அம்மாளிடம் திரும்பி, “விற்பனையாளர் எங்க?” என்று கேட்டார். அம்மாள் லம்மர்ட்டைக் காட்டினார். வெர்மாஸ் மீசையைத் தொட்டுக்கொண்டார், அது இன்னும் இருக்கிறதா என்று பார்ப்பவர்போல.

ஆரம்பிப்பதற்குள் கதவில் தோள் மோதும் சத்தம், பிறகு மணி. பாலக்காரி ஹில்லகீன் டோர்ன்போஸ் உள்ளே வந்தாள். பால் ஊற்றுகிறவள் அல்ல, கால்வாய்ப் பாலத்தைத் தூக்கி இறக்குகிறவள். படகு போகும்போது தூண்டில் கழியில் மரச்செருப்பைக் கட்டிப் பாலக்காசு வாங்குவாள். காசு போடாத படகுக்காரனின் குடும்ப வரலாறு கரை வரைக்கும் கேட்கும். மறுநாள் அவளுக்குச் செப்புக் கல்யாணம், அதாவது கட்டிக்கொண்டு பன்னிரண்டரை வருடம். அண்டை வீட்டார் ஏற்கெனவே அவள் வாசலில் பசுந்தழை வளைவு கட்டி, காகித ரோஜா செருகியிருந்தார்கள். முந்தைய வாரம், லம்மர்ட் பல் டாக்டரிடம் போயிருந்த நேரம், அம்மாளிடம் கறுப்புப் பெட்டி ஒன்று வாங்கிப் போயிருந்தாள். இப்போது அதைக் கவுண்டரில் வைத்தாள்.

“இதத் திரும்ப எடுத்துக்குங்க.”

“என்ன ஆச்சு ஹில்லகீன்?” என்றார் அம்மாள், வெர்மாஸைப் பார்க்காமல்.

“புத்தகத்துல போட்டபடி ஒண்ணு விடாம செஞ்சேன். ஒண்ணாம் நம்பர்ல ஆரம்பிச்சேன். ஏழாம் நம்பர் வரும்போது ஒரு படகு ஹாரன் அடிச்சுது. ஒன்பதாம் நம்பர் வரும்போது மூணு படகு நிக்குது. பன்னெண்டையும் முடிச்சிட்டு வெளியே எட்டிப் பார்த்தேன். முதல் படகுக்காரன் தொப்பியக் கழட்டி, ‘யாரு செத்துட்டாங்க’ன்னு கேட்டான்.” அவள் குரல் கொஞ்சம் இறங்கியது. “நாளைக்கு போட்டோ எடுக்கிறாங்க. கல்யாணத்தன்னைக்கு எடுத்ததுல நான் கண்ண மூடிட்டேன். இது ஒண்ணுதான் எனக்கு இன்னொரு வாய்ப்பு. அத இந்த மூஞ்சியோடயே எடுத்துக்கறேன், விடுங்க.”

வெர்மாஸ் முன்னால் வந்தார். அவருக்கு இது அருமையான சந்தர்ப்பமாகப் பட்டது. “அம்மா, பொருள்ல குறையில்ல. விளக்கம்தான் போதல. மிஸ்டர் ஹெக்மன், பன்னிரண்டையும் வரிசையா பேர் சொல்லி இவங்களுக்குச் செஞ்சு காட்டுங்க.”

லம்மர்ட் பெட்டியைத் திறந்தார். முதல் பிரஷை எடுத்தார். பெயர் தொண்டை வரை வந்ததும், நின்றதும், திரும்பிப் போனதும் அவருடைய முகத்தில் அப்படியே தெரிந்தது. எப்போவின் ஜன்னலும் ஜெரேனியமும் ஒரு கணம் அவர் கண்ணில் தெரிந்தன. ஏதாவது ஒரு பிரெஞ்சுச் சத்தம் எழுப்பியிருக்கலாம். ஹில்லகீனுக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது, வெர்மாஸுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். லம்மர்ட் ஹில்லகீனின் முகத்தைப் பார்த்தார். காற்று அடித்துச் சிவந்த, நல்ல, தெளிவான முகம். பட்டி பார்க்க வேண்டிய இடம் ஒன்றும் இல்லை.

“பேரு எனக்குத் தெரியாது,” என்றார். “உங்களுக்கு இதுல மூணு போதும்.”

பெட்டியிலிருந்து மூன்றை எடுத்து வெளியே வைத்தார். மூடியை மூடி, ஒன்பதோடு பெட்டியை வெர்மாஸ் பக்கம் நகர்த்தினார்.

“பெட்டியப் பிரிக்கக் கூடாது,” என்றார் வெர்மாஸ்.

“பிரிச்சாச்சு.”

பவுடர் டப்பாவைத் திறந்து ஹில்லகீன் முன்னால் வைத்தார், பிரஷை அவள் கையிலேயே கொடுத்தார். “நீங்களே பண்ணுங்க. நாளைக்கு நான் வர முடியாது. முடியில மூணுல ஒரு பங்கு மட்டும் உள்ள விடுங்க. போதும். இப்போ விளிம்புல ஒரு தட்டு. மிச்சத்த உதறுங்க. அள்ளி அப்பினா வழியும், கதவா இருந்தாலும் கன்னமா இருந்தாலும். ம். நடுவுல ஆரம்பிச்சு வெளியே. அழுத்தாதீங்க, அது பாலம் இல்ல. கடைசியா ஒண்ணுமே தொடாம, காலிப் பிரஷால, மேலேருந்து கீழே ஒரே ஒரு இழுப்பு. அதுதான் கோடு தெரியாம ஆக்கும்.”

கண்ணாடியில் பார்த்துக்கொண்டே அவள் செய்தாள். கன்னத்துக்கு ஒன்று, இமைக்கு ஒன்று. நாலு நிமிடம் ஆகியிருக்கும்.

“ஒண்ணும் பூசின மாதிரியே தெரியலையே,” என்றாள் ஹில்லகீன்.

“ஆமா.”

“ஆனா நல்லா இருக்கேன்.”

“ஆமா.”

வெர்மாஸ் தொண்டையைக் கனைத்தார். “மிச்ச ஒன்பதும் எதுக்கு, சொல்லுங்க பார்ப்போம்?”

“அது தொழில் பண்றவங்களுக்கு,” என்றார் லம்மர்ட். “இவங்க வீட்டு ஜன்னலுக்கு மட்டும் வெள்ளை அடிக்கிறாங்க. அதுக்குச் சாரம் கட்டச் சொல்றீங்க.”

வெர்மாஸ் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டு, ஸ்டாண்டை இரண்டு நடையாகக் காருக்குக் கொண்டுபோனார். கதவு இரண்டு தடவையும் ஒட்டிக்கொண்டது. யாரும் தள்ளிக் கொடுக்கவில்லை. மேற்கே போக அவர் அந்தக் கால்வாய்ப் பாலத்தைத்தான் கடக்க வேண்டும். ஹில்லகீன் சைக்கிளில் அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டாள். பாலம் இருபது நிமிடம் மேலேயே நின்றது. மணல் படகு ஒன்று உண்மையாகவே வந்துகொண்டிருந்தது என்பது இன்றுவரை அவளுடைய வாதம். வந்தது, ஆனால் அவ்வளவு பக்கத்தில் இல்லை.

கடையில் பிரஷ் ஸ்டாண்டு நின்ற இடத்தில் மெழுகு படாத சதுரம் ஒன்று வெளுப்பாகத் தெரிந்தது. லம்மர்ட் தன் மேலங்கியை எடுத்து மாட்டிக்கொண்டார். மேலிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட ஆரம்பித்தார்.

“எங்க கிளம்பிட்டீங்க?” என்றார் அம்மாள்.

“ஸ்டாண்டு போயிடுச்சே.”

“மணி பன்னெண்டுகூட ஆகல. உக்காருங்க.” கவுண்டரிலேயே படிவத்தை விரித்து, பேனாவை எடுத்து, எழுத எழுதச் சத்தமாகப் படித்தார். “பொருள்களின் பெயர்களை அறிந்துள்ளாரா. இல்லை. நிறுவனத்தின் விற்பனை நெறிகளைப் பின்பற்றுகிறாரா. இல்லை. விற்பனை உயர்ந்துள்ளதா.” வெளுத்த சதுரத்தை ஒரு பார்வை பார்த்தார். “இல்லை.”

லம்மர்ட் கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டார்.

“தொடர்ந்து பணியில் வைத்துக்கொள்வீர்களா. ஆம்.” பேனா நின்றது. “காரணம் கேக்குது. மூணு வரி இடம் விட்டிருக்கான்.”

“என்ன எழுதுவீங்க?”

அம்மாள் எழுதினார், மசி காய ஊதினார், அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். ‘இந்த இரண்டு மாதத்தில் நான் விற்ற பிரஷ்களில் ஐந்து பெட்டி திரும்பி வந்தது. இவர் விற்றதில் ஒன்றும் வரவில்லை.’ மீதி இரண்டு வரியைக் காலியாகவே விட்டிருந்தார்.

“அந்தக் கோட்டைக் கழட்டு,” என்றார். “எலுமிச்சை மூட்டை வந்திருக்கு, யாராவது இறக்கணும்.”

அடுத்த மாதம் அம்மாள் தென்பக்கத்துப் பிரஷ் பட்டறை ஒன்றிலிருந்து, பெயரும் பெட்டியும் இல்லாத பிரஷ்களை உதிரியாக வரவழைத்தார். அவற்றை வைக்க லம்மர்ட் மரத்தில் ஒரு தட்டு செய்தார். அதற்கு அவர் வர்ணம் அடிக்கவில்லை, டாக்டர் சொன்னதால். யான்டீனா அடித்தாள், சுமாராக அடித்தாள், அவர் ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமைகளில் பெண்கள் தங்கள் பழைய பிரஷ்களைக் கொண்டுவந்து கொடுத்தால், குழந்தை ஷாம்பூவில் கழுவி, மேசை விளிம்பில் முடி வெளியே நீட்டிக்கொண்டிருக்கப் படுக்கவைத்துக் காயவைத்துத் தருவார். ஏன் நிறுத்திவைக்கக் கூடாது என்று யாராவது கேட்டால், அது தன் அனுபவம் என்பார்.

2004 ஏப்ரலில் அம்மாள் கடையை மூடும்வரை, பதினோரு வருடம், லம்மர்ட் ஹெக்மன் அந்தக் கவுண்டரில் நின்றார். முதல் தடவை பிரஷ் வாங்க வந்தவர்களுக்கெல்லாம் மூன்று விற்றார், மற்றது வேண்டாம் என்றார்.